இடைக்காலத் தேர்தல் தோல்வி: 2010இல் ஒபாமா, 2018இல் டிரம்ப்

இருவருமே அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற இரண்டே ஆண்டுகளில், பதவிக்காலத்தின் நடுவே வரும் தேர்தலில், நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையைப் பறிகொடுத்தவர்கள். 2010இல் குடியரசுக் கட்சி கூடுதலாக 63 இடங்களைப் பிடித்தது; 2018இல் ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 40 இடங்களைப் பிடித்தது.

மறுநாள் செய்தியாளர்கள் முன் வந்த ஒபாமா, வாங்கிய அடி பலமானது என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார். பொருளாதாரம் மீள்வது மக்களுக்குப் போதவில்லை, அதற்குப் பொறுப்பு தன்னுடையதே என்றார். அப்புறம் டிசம்பரிலேயே முந்தைய அதிபர் புஷ் கால வரிச்சலுகைகளை நீட்டிக்கக் குடியரசுக் கட்சியோடு உடன்பாடு செய்துகொண்டார். சொந்தக் கட்சியின் இடதுசாரிகள் கொதித்துப்போனார்கள்.

டிரம்போ அன்றிரவே மாபெரும் வெற்றி என்று ட்வீட் போட்டார். மேலவையான செனட்டில் அவருடைய குடியரசுக் கட்சிக்கு இரண்டு இடங்கள் கூடியது உண்மைதான். ஆனால் மறுநாள் செய்தியாளர் சந்திப்பில், தன் ஆதரவை ஏற்றுக்கொள்ளாததால் தோற்றார்கள் என்று சொந்தக் கட்சிக்காரர்களையே பெயர் சொல்லிக் குத்திக்காட்டினார். யூட்டா மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மியா லவ் அதில் ஒருவர். அவருடைய தொகுதியில் வாக்கு எண்ணிக்கைகூட அப்போது முடியவில்லை! இது எனக்குக் கொடுமையாகவே பட்டது. அதே நாளில் நீதித்துறைக்குத் தலைமை வகித்த அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸும் டிரம்ப் கேட்டுக்கொண்டபடி பதவி விலகினார்.

தோல்வியை வாய்விட்டு ஒப்புக்கொண்டவரால் உடனே பேரம் பேச முடிந்தது. மற்றவர் மெக்சிகோ எல்லைச் சுவருக்குப் பணம் கேட்டு அரசு அலுவலகங்களை 35 நாள் முடக்கினார். கேட்ட பணம் கிடைக்காமலேயே அவற்றைத் திறக்க வேண்டியதாயிற்று.