விரலில் ஒரு கிளிப், தொடையில் ஓர் உணரி: சி.ஓ.பி.டி. நோயாளி ஒருவரின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கோவை கணபதிப் பகுதியில் ஒரு பவுண்டரியின் (உலோக வார்ப்பாலையின்) மணல் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மணல் தூசியும் நெடுநாள் பீடிப் பழக்கமும் சேர்ந்து சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைக் கொடுத்திருக்கின்றன. ஸ்பைரோமெட்ரி சோதனையில் முதல் ஒரு நொடிக்குள் நான் ஊதித் தள்ளும் காற்று, என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 44 சதவீதம். மருத்துவ வகைப்பாட்டில் இது கடுமையான அடைப்பு. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்ந்தது முதல் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும், பின்னர் வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய, தொடைத் தசையின் ஆக்சிஜனைக் காட்டும் உணரியையும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். நெற்றியில் ஒட்டி மூளையின் ஆக்சிஜனைப் பார்க்கும் கருவி எனக்கு மருத்துவமனையில் மட்டுமே பழக்கம். மூன்றும் ஆக்சிஜனைச் சதவீதத்தில்தான் காட்டுகின்றன; ஆனால் ஒன்றின் எண்ணை வைத்து இன்னொன்றைக் கணிக்க முடியாது என்பதே இத்தனை காலப் பழக்கத்தில் நான் கண்டது.

விரல் கருவி நுரையீரலின் வேலையைச் சொல்கிறது. இரத்தம் நுரையீரலைக் கடக்கும்போது எவ்வளவு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டது என்பதை, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரலில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று ஒப்பிட்டு அது கணக்கிடுகிறது. துடிக்கும் தமனி இரத்தத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கும் இந்த உத்தியை 1970-களின் தொடக்கத்தில் வகுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி. துடிப்பை நம்பி இயங்குவதால், துடிப்பு மங்கும் இடத்தில் கருவி தடுமாறுகிறது. மார்கழிக் காலையில் விரல் சில்லிட்டிருந்தால் திரையில் வெறும் கோடுகள்தான் வரும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே எண் தோன்றும். கிளிப் மாட்டிய கையால் மாடிப்படியின் கைப்பிடியை இறுகப் பற்றினால் 93 என்று இருந்தது பொய்யாக 85-க்கு இறங்கும்; கையைத் தளர்த்தித் தொங்கவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

படியேறுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று தாமதம். நுரையீரலிலிருந்து இரத்தம் விரல் நுனிக்கு வந்து சேரவும், கருவி பல துடிப்புகளைச் சராசரி எடுக்கவும் நேரம் பிடிப்பதால், மிகக் குறைந்த எண் ஏறும்போது வருவதில்லை. மேல்படியில் நின்று சுமார் அரை நிமிடம் கழித்தே வருகிறது. மேலே சென்றதும் பார்த்து, 91 இருக்கிறது என்று திருப்தியோடு கிளிப்பைக் கழற்றிவிடுபவர், அடுத்து வரும் 86-ஐப் பார்ப்பதே இல்லை. கருவியின் துல்லியமும் இரண்டு மூன்று புள்ளிகள் இப்படியும் அப்படியும் இருக்கும். போதாக்குறைக்கு, கருமையான தோலில் இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. என் மருத்துவர் 88-க்குக் கீழே இறங்கினால் நிற்கச் சொன்னார். நான் 90-லேயே நின்றுவிடுகிறேன். 90-க்கு மேல் இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் சதவீதம் அதிகம் மாறாது. அதற்குக் கீழே அது செங்குத்தாகச் சரியும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை வீண் அல்ல.

ஆனால் விரலில் 94 காட்டும்போதே கால் கல்லாகக் கனப்பது ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கருவியிடம் விடை கிடையாது. மூச்சு வாங்குவதற்கு முன்பே தொடை சோர்ந்து ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நான் உட்கார்ந்த நாட்கள் பல. தொடை உணரி எனக்குப் பயன்பட்டது இந்த இடத்தில்தான்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான இந்தக் கருவியைத் தொடையின் வெளிப்புறத் தசைமேல், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, மீள்பட்டை போட்டுக் கட்ட வேண்டும். அது அனுப்பும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளி தோலைத் தாண்டித் தசைக்குள் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நுழைந்து திரும்புகிறது. இவ்வகை ஒளி உயிருள்ள திசுவுக்குள் ஆழமாகச் செல்லும் என்பதை 1977-இல் நிறுவியவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர். விரல் கருவியைப் போல இது தமனித் துடிப்பைத் தேடுவதில்லை. நுண்குழாய்களிலும் சிறு சிரைகளிலும் உள்ள இரத்தத்தைச் சேர்த்துப் பார்ப்பதால், வந்த ஆக்சிஜனுக்கும் தசை செலவழித்த ஆக்சிஜனுக்கும் இடையிலான மிச்சத்தையே காட்டுகிறது. எனக்கு ஓய்வில் 65 அளவில் இருக்கும். மாடியேறத் தொடங்கிய சில நொடிகளில் சரியத் தொடங்கி 40-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதே நேரம் விரலில் இன்னும் 93 இருக்கும்.

கடையில் பருப்பு நிறைய இருந்தும் வீட்டு அடுக்களை டப்பா காலியாக இருப்பது போன்ற நிலை இது. சி.ஓ.பி.டி. நுரையீரலோடு நிற்பதில்லை. காற்று முழுவதும் வெளியேறாமல் மார்புக்குள் தேங்கிக்கொண்டே போவதால், மூச்சுத் தசைகள் பாடுபட்டு உழைத்துக் காலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் பங்கு கேட்கின்றன. நாளடைவில் தொடைத் தசையே மெலிகிறது. நெடுநேரம் உழைக்கக்கூடிய நார்கள் குறைந்து, விரைவில் சோர்ந்துபோகும் நார்கள் மிகுகின்றன. மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைக்கக் குறைக்க இந்த நிலை மோசமாகிறது.

உணரியின் எண் கீழே இறங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பிசியோதெரபிஸ்ட்டின் உதவி தேவைப்பட்டது. தசை ஆக்சிஜனை நன்றாக உறிஞ்சினால் எண் இறங்கத்தான் வேண்டும். பலவீனமான தசை உறிஞ்ச முடியாமல் விட்டாலோ எண் உயர்ந்தே நிற்கும். எனவே நான் பார்ப்பது, நின்ற பிறகு எண் எவ்வளவு விரைவாக மீள்கிறது என்பதை மட்டுமே. பயிற்சியின் தொடக்கத்தில், படியேறி நின்றபின் பழைய அளவுக்கு வர இரண்டு நிமிடம் நெருங்கும். இடைவெளி விட்டுச் சைக்கிள் மிதிப்பதையும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் சில மாதங்கள் விடாமல் செய்தபின், அதே படிகளுக்கு ஒரு நிமிடத்துக்குள் மீள்வதோடு, ஓய்வு அளவையும் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. இந்தக் காலம் முழுவதும் விரல் கருவியின் எண்கள் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தன. நுரையீரல் மாறவில்லை, கால் மாறியது.

குறைகள் இல்லாமல் இல்லை. பட்டையை இறுக்கினால் சிரை அமுங்கி எண் கெட்டுவிடுகிறது. தளர்த்தினால் வெயில் உள்ளே புகுந்து கெடுக்கிறது. நான் வேட்டியைக் கருவிக்கு மேல் இரண்டு மடிப்பாகப் போட்டு மூடிக்கொள்கிறேன். தோலடிக் கொழுப்பு தடிப்பாக உள்ளவர்களுக்கு ஒளி தசையையே எட்டாது. ஒருவருடைய எண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. கட்டிய இடம் இரண்டு விரற்கடை தள்ளிப்போனால் நேற்றைய எண்ணோடு இன்றையதையும் ஒப்பிட முடியாது. பேனாவால் தொடையில் புள்ளி வைத்துக்கொள்வதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள்.

நெற்றிக் கருவியை மருத்துவமனையில் சைக்கிள் சோதனையின்போது ஒட்டினார்கள். விரலில் 94 என்பது 87-க்கு வந்தபோதும் நெற்றியின் எண் மூன்று நான்கு புள்ளிகளே குறைந்தது. தமனி ஆக்சிஜன் குறையும்போது மூளை தன் இரத்தக் குழாய்களை விரித்துக் கூடுதல் இரத்தத்தை வரவழைத்துக்கொள்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வெளியேறாமல் தங்கும் கரியமில வாயுவும் அக்குழாய்களை விரிக்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் அதற்கு இத்தனை பாதுகாப்பு இருப்பது நியாயமே. மறுபுறம், பதற்றத்தில் வேகவேகமாக மூச்சுவிட்டு கரியமில வாயுவைத் தேவைக்கு மேல் ஊதித் தள்ளுபவருக்கு அதே குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். மூச்சு வாங்கும்போது உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்வது இந்தக் கிறுகிறுப்புக்கும் உதவுகிறது. நெற்றித் தோலின் இரத்தமும் இந்த அளவீட்டில் கலந்துவிடுவதால், வீட்டில் வைத்துப் பார்க்கும் பொருள் அல்ல அது.

உதகையில் உறவினர் திருமணத்துக்குப் போனபோது, 2,240 மீட்டர் உயரத்தில், உட்கார்ந்திருக்கும்போதே விரலில் 89 காட்டியது. அப்போது வாடகைக்கு எடுத்துச் சென்ற கையடக்க ஆக்சிஜன் செறிவூட்டியைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் 2 என்று வைத்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருள் அல்ல. மூச்சு இழுக்கும்போது மட்டும் சிறு வீச்சாகத் தருவதால், நடந்தபடி விரல் எண்ணைப் பார்த்துத்தான் அளவை முடிவுசெய்ய வேண்டும். எண்ணை 98-க்கு ஏற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்; கரியமில வாயு தேங்கும் இயல்புள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை என்பதே மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. உழைப்பின்போது மட்டும் ஆக்சிஜன் குறைபவர்களுக்கு நெடுநேர ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2016-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வும் காட்டியிருப்பதால், செறிவூட்டியைச் சொந்தமாக வாங்கும் முன் மருத்துவரிடம் ஆறு நிமிட நடைச் சோதனை செய்து பேசிவிடுவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, விரல் கருவி ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இந்த நோய் உள்ள எவரும் வைத்திருக்க வேண்டியது. தொடை உணரி பல பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. விளையாட்டு வீரர்களுக்காகச் செய்யப்பட்டதால் கைப்பேசிச் செயலி முழுக்க அவர்களின் கணக்கிலேயே பேசுகிறது. அந்தப் பணத்துக்குப் பிசியோதெரபிஸ்ட்டிடம் முழுப் பயிற்சியையே முடித்துவிடலாம் என்பதால், என் மகள் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். கையில் இருப்பதால் வாரம் ஒருமுறை கட்டிப் பார்க்கிறேன்.