"கம்ப்யூட்டர் போயிடுச்சுண்ணே" என்றார், 2,400 வெள்ளி போனது எனக்கு

டீசல் வேன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நேற்றுதான் உண்மை தெரிந்தது, வயிறு எரிகிறது. 2,400 வெள்ளி!

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங்கில் காய்கறி ஏற்றி தேக்கா கடைகளுக்குப் போடுகிறேன். வண்டி சூடேறினால் ஓடும்போதே அணையும். ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். தொழிற்பேட்டை ஒன்றில் மாடியில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நம்ம ஆள், நல்ல தமிழ். "உட்காருங்கண்ணே" என்று கோப்பி ஓ வாங்கித் தந்தார். ஸ்கேனரைச் செருகி, திரையை என் பக்கமே திருப்பினார்: பி0335 என்று ஒரு கோளாறு கோட். "இசியூ, அதான் இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர், போயிடுச்சுண்ணே. புதுசு போட்டாத்தான் ஆகும். கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க." திரையைக் காட்டிப் பேசுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? கட்டினேன்.

அதே வாரம் வண்டி மறுபடி நின்றது. "புது இசியூ, பழகணும், ஓட்டுங்க" என்றார். அப்புறம் டீசல் சரியில்லையாம். அப்புறம் பாஸ் லீவாம். கடைசியில், "எலக்ட்ரானிக் சாமானுக்கு வாரண்டி கிடையாது மிஸ்டர்." பணம் வாங்கும்வரை அண்ணன், இப்போது மிஸ்டர்!

வேறு பட்டறையில் ஒரு சீன அங்கிள் பார்த்தார். அந்தக் கோட், இன்ஜின் தண்டு சுற்றுவதைக் கண்டு சொல்லும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டைத்தான் சொல்கிறதாம். முதலில் சென்சார், வயர், பிளக் பார்க்க வேண்டும், இசியூ கடைசி. அந்த சிக்னல் நின்றால் எப்போது டீசல் பீய்ச்சுவது என்று இசியூவுக்குத் தெரியாது, இன்ஜின் அணையும். சூட்டில் செத்து ஆறியதும் பிழைப்பது கெட்டுப்போன சென்சாரின் வேலை. மாற்றினார், கூலியோடு 180 வெள்ளி. வண்டி ஓடுகிறது. இசியூவையும் காட்டினார். போல்ட்டில் பல வருஷத்து அழுக்கு, யாரும் தொட்டதே இல்லை. 2,400 வெள்ளி எதற்கு?

"இதுக்குத்தான் பழைய இன்ஜின்" என்று காப்பிக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள். அதில் டீசல் பீய்ச்சும் மெக்கானிக்கல் பம்பு கியரிலோ பெல்ட்டிலோ சுற்றும், ஓட ஆரம்பித்தால் டீசலைத் திறந்துவைக்கும் சொலினாய்டு வால்வுக்கு மட்டும் கரண்டு போதும், உண்மைதான். ஆனால் என் இன்ஜின் தன் கோளாறைச் சரியாகத்தானே எழுதி வைத்திருந்தது? படித்துக் காட்டியவர்தான் புளுகினார்.

டெலிவரிக்கு நேரமாகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கோட் மட்டும் காட்டினால் பணம் கட்டாதீர்கள், எதை அளந்து பார்த்தார் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். ரசீதில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். என் ரசீதில் "எலக்ட்ரிக்கல் ரிப்பேர், 2,400 வெள்ளி" என்று ஒரே வரி. அதை வைத்துத்தான் சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். 2 வருஷத்துக்குள் போட வேண்டும், நான் இந்த வாரமே போடுகிறேன்.