காய்ச்சல் விட்ட அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்

போன ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் கேரளாவில் பாலக்காடு பக்கமுள்ள கொழிஞ்சாம்பாறைக்குப் போயிருந்தேன், அதில் ஆறு நாள் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று. மச்சானுக்கு டெங்கு. 44 வயது, தென்னந்தோப்பு வேலை. விடாத மழை, தோப்பில் கிடந்த சிரட்டை, டயர் எல்லாவற்றிலும் தண்ணீர்.

முதல் மூன்று நாள் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும். பக்கத்துக் கிளினிக்கில் உடம்பு வலிக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள், என்ன மருந்து என்று சீட்டில் எழுதவே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது. டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மருந்து எதுவும் கூடாது, ரத்தக்கசிவு கூடும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். நாங்களாகக் கேட்ட பிறகே டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், பாசிட்டிவ்.

நான்காம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அக்கா ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள், சரி, தப்பித்தோம் என்று இருந்தோம். மதியத்துக்கு மேல் வயிற்று வலி, விடாமல் வாந்தி, கைகால் ஜில்லென்று ஆகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடினோம்.

அங்கே டாக்டர் பிளேட்லெட் கவுன்டைப் பற்றி, அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கையைப் பற்றி, எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. "காய்ச்சல் எப்ப விட்டுச்சு? கடைசியா எப்ப மூத்திரம் போனார்?" என்றார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தாம். நர்ஸ் மச்சான் கையில் பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றடித்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டார், அப்புறம் பட்டைக்குக் கீழே பேனாவால் ஓர் அங்குலச் சதுரம் வரைந்து உள்ளே எழும்பியிருந்த சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். சிறு ரத்தக்குழாய்கள் எளிதில் கசிகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. 23 புள்ளிகள். அக்கா அழுதுவிட்டாள். "பேடிக்கண்டா சேச்சி" (பயப்படாதீங்க அக்கா) என்று மலையாளத்தில் சொல்லி அவள் தோளைத் தொட்டார் அந்த நர்ஸ்.

கவுன்ட் அன்றைக்கு 38,000, மறுநாள் 21,000. சொந்தபந்தம் எல்லாம் போனில், கோயம்புத்தூர் கொண்டு போங்க, பிளேட்லெட் ஏத்துங்க என்று. மாமா வேலந்தாவளம் வழியாகப் போக வண்டியே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்: ரத்தக்கசிவு இல்லை, அதனால் இப்போது பிளேட்லெட் வேண்டாம், நான் பார்ப்பது பி.சி.வி.யை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதை. அது 40லிருந்து 46க்கு ஏறியிருந்தது, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். சலைனும் அளந்துதான், அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுமாம். அன்றிரவு தேடிப் படித்தேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. கவுன்ட் 20,000 அளவுக்கு இறங்கியும் ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு, முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் கசிவு குறையவில்லை. அதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

கட்டிலில் கொசுவலை, ஒரு பாட்டிலில் கோடு போட்டு மூத்திரம் அளப்பது பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, இருந்த என் வேலை. ராத்திரியிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பி.பி. பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். ஏழாம் நாள் பி.சி.வி. 41க்கு இறங்கியது, கவுன்ட் 34,000, அவரே இட்லி கேட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கிளினிக்குக்குப் போய் என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிவிட்டு, எழுதி வைக்கவில்லை என்றார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலுக்கு ஊசி போட வந்தால், மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் கையை நீட்டச் சொல்லுங்கள்.