ஆற்றைப் பிரிப்பதா, தண்ணீரை அளப்பதா?

வியாசர்பாடியில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன் நான். நதி ஒப்பந்தம் என்றாலே முதலில் பார்ப்பது, வால்வு யார் கையில் என்றுதான்.

1960 சிந்து ஒப்பந்தம் ஆறுகளையே பிரித்தது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. தெருவுக்கு ஒரு குழாய் மாதிரி. போர்களைத் தாண்டியும் நின்றது. ஆனால் பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்தி வைத்தது.

1996 கங்கை ஒப்பந்தம், ஒரே குழாயில் முறை வைப்பது. ஜனவரி முதல் மே வரை, மேற்கு வங்கத்திலுள்ள ஃபரக்கா தடுப்பணையில் தண்ணீரை அளப்பார்கள். வரத்து விநாடிக்கு 70,000 கன அடிக்குள் என்றால் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் சரிபாதி.

எனக்கு இதுவே நியாயம், பற்றாக்குறையையும் பங்கு போடுகிறார்களே! ஆயுள் மட்டும் 30 ஆண்டுதான். தடுப்பணையும் ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் இந்தியாவின் கையில்.