தங்கப் பெட்டியில் 55, உண்மைக் கட்டில் 60: யாழ்ப்பாணத்தில் போக்கிமொன் காட் வாங்குவது

மூடியில் போக்கிமொன் கார்ட்டூனில் வருகிற பிக்காச்சு, மூலையில் 55 என்ற இலக்கம், திறந்தால் அடுக்காகத் தங்கநிறப் பிளாஸ்ரிக் காட். நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கடைகளிலும் நகரத்து விளையாட்டுச் சாமான் கடைகளிலும் பிள்ளைகள் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிற சாமான்களில் இதுவும் ஒன்று. “ஒறிஜினலோ அண்ணை?” என்று கேட்டால் “ஓம் அக்கா, இம்போட் சாமான்” என்று பதில் வரும். இம்போட் என்பதில் பொய்யில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை.

காட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்ரிக் தகடு, இரண்டு பக்கமும் தங்கநிறப் படலம். படத்தின் கோடுகளை அழுத்தி எழுப்பியிருக்கிறார்கள், விரலால் தடவினால் தெரியும். தண்ணீரில் விழுந்தால் பயமில்லை, கிழியாது, ஐஸ்கிறீம் கையோடு பிடித்தாலும் துணியால் துடைத்துவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அடுக்கவும் பரப்பவும் இது நல்ல சாமான்தான், அந்த அளவில் கொடுத்த காசுக்குக் குறையில்லை. குறை தெரிவது விளையாட உட்காரும்போது. படலம் வழுக்குவதால் இருபது காட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கட்டு சரியும். கலைக்கும்போது காட்டோடு காட் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக வரும். தங்கத்தின்மேல் அச்சடித்த பொடி எழுத்தை லைற்றுக்குக் கீழே சரித்துச் சரித்துத்தான் வாசிக்க வேண்டும். ஒரே காட் இரண்டு மூன்று தடவை வருவதும் உண்டு.

தங்கநிறம் என்பதாலேயே போலி என்று சொல்லவும் முடியாது. 1999இல் அமெரிக்காவில் பேர்கர் கிங் கடைகள் தங்கமுலாம் பூசிய போக்கிமொன் காட் விற்றன. 2021இல் போக்கிமொன்னின் 25ஆவது ஆண்டுக்காக வந்த பெரிய பெட்டியொன்றில் பிக்காச்சுவும் சாரிசார்ட் என்ற இன்னொரு போக்கிமொன்னும் உலோகக் காட்டாக இருந்தன. ஆனால் அவை வைத்துப் பார்ப்பதற்கு, போட்டியில் போட முடியாது. 55 காட்டும் தங்கமாக ஒரு பெட்டியைப் போக்கிமொன் கம்பனி வெளியிட்டதே இல்லை.

இந்தப் பெட்டியை வைத்து ஏன் விளையாட முடியாது என்பதை 304 என்ற சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். கட்டில் உள்ள 32 காட்டும் ஜாக் ஆக இருந்தால் யார் எதை வெட்டுவது? 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. ஒன்றுமில்லாத எட்டும் ஏழும் இருப்பதால்தான் ஜாக்குக்கு மதிப்பு. போக்கிமொன்னிலும் இதே கணக்குத்தான். 60 காட் கட்டில் சண்டை போடுகிற போக்கிமொன் காட் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் உதவிக் காட்டும் சக்திக் காட்டும். சக்திக் காட் இல்லாமல் பெரும்பாலும் தாக்க முடியாது. தங்கப் பெட்டியில் சக்திக் காட் பெரும்பாலும் இராது. உள்ளே இருப்பவற்றில் பல வீமேக்ஸ் என்கிற பலம்கூடிய வகை, அதை நேரே மேசையில் இறக்க முடியாது, அதன் வீ வடிவம் முதலில் கீழே இருக்க வேண்டும். அப்படியே இறக்கினாலும் ஒரு வீமேக்ஸ் விழுந்தால் எதிராளி மூன்று பரிசுக் காட் எடுப்பார். மொத்தப் பரிசே ஆறு, ஆறையும் எடுத்தவர் வென்றவர். இரண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

இனி சரமாகத் தொங்குகிற தனிப் பக்கெற். இவை காகிதக் காட் என்பதால் ஏமாறுவது சுலபம். பிரித்த பிறகு பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. காட்டின் பின்பக்கத்தில் போக்கிமொன் என்ற ஆங்கிலப் பெயரில் ஈ எழுத்தின்மேல் சாய்ந்த சிறு கோடு இருக்க வேண்டும். பின்பக்க நீலம் ஊதாவாகவோ வெளிறியோ இருந்தால் சந்தேகப்படுங்கள். முன்பக்கத்தில் எச்பி என்கிற உயிர்ப்புள்ளி எப்போதும் பத்தின் மடங்காக வரும். ஆயிரத்தைத் தாண்டிய எச்பி பார்த்தால் மேலே பார்க்கத் தேவையில்லை. எச்பி உள்ள காட்டில் பலவீனம், பின்வாங்கும் செலவு ஆகியவற்றுக்கான இடம் கீழே இல்லாவிட்டாலும் அப்படித்தான். படம் முழுக் காட்டையும் நிரப்புகிற விலைகூடிய காட்டில் விரல்ரேகை போல மெல்லிய வரிகள் தடவத் தெரியும். போலியில் அது கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும், அல்லது எல்லாக் காட்டிலும் ஒரே பாய் முடைச்சல் மாதிரி வரும்.

போன் ரோச்சைக் காட்டின் பின்னால் பிடித்துப் பார்க்கிற சோதனையை எல்லோரும் சொல்வார்கள். உண்மைக் காட்டின் நடுவில் கறுத்த மெல்லிய படை ஒன்று இருப்பதால் வெளிச்சம் அதிகம் ஊடுருவாது. போலியில் முன்பக்கப் படமே பின்னால் ஒளிரும். ஆனால் இந்தச் சோதனையைத் தனியாக நம்ப வேண்டாம். உண்மை என்று தெரிந்த ஒரு காட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே தூரத்தில் பிடித்து ஒப்பிட வேண்டும். தங்கப் பிளாஸ்ரிக் காட்டில் இது செல்லாது. படலம் வெளிச்சத்தை முழுதாக மறைப்பதால் அது “பாஸ்” ஆகிவிடும். மஞ்சள் விளிம்பு, வெள்ளி விளிம்பு என்று பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். 2023இலிருந்து ஆங்கிலக் காட்டின் விளிம்பு மஞ்சளிலிருந்து வெள்ளிநிறத்துக்கு மாறிவிட்டது, இரண்டும் சரி.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் இதில் இருக்கிறது. பெரியம்மா பாரிசில், சித்தப்பா ஜேர்மனியில், மாமா ரொறன்ரோவில். மூன்று பக்கமிருந்தும் காட் வரும். எச்பி இருக்க வேண்டிய இடத்தில் கேபி என்று இருந்தால் அது ஜேர்மன் மொழிக் காட், பிவி என்று இருந்தால் பிரெஞ்சு. இதைப் போலி என்று நினைத்து எறிந்துவிட வேண்டாம். ஐரோப்பிய மொழிக் காட் எல்லாவற்றுக்கும் பின்பக்கம் ஆங்கிலக் காட்டின் பின்பக்கம்தான். ஜப்பானியக் காட்டுக்கோ பின்பக்கப் படமே வேறு. அதை மற்றக் காட்டோடு கலந்தால் கட்டில் எது எங்கே இருக்கிறது என்று வெளியிலேயே தெரிந்துவிடும். பக்கெற்றும் சிறிது, ஆங்கிலப் பக்கெற்றில் பத்துக் காட், ஜப்பானியதில் பெரும்பாலும் ஐந்து. தமிழில் இந்தக் காட் அச்சாவதில்லை. ஆகவே பிள்ளைக்கு வாசிக்க முடிந்த மொழி ஆங்கிலம் என்றால், “மாமா, இங்கிலீசில் வாங்குங்கோ” என்று முதலே சொல்லிவிடுவது நல்லது.

மாமா கேட்பார், “பிள்ளைக்கு என்ன வாங்கி அனுப்ப?” என்று. பக்கெற் என்று சொல்லாதீர்கள். பக்கெற் லொத்தர் மாதிரி, இருபது பிரித்தாலும் விளையாடக்கூடிய கட்டு வராது. ‘பட்டில் அக்கடமி’ என்ற பெட்டியைக் கேளுங்கள். 60 காட் கட்டு மூன்று, இரண்டுபேர் ஆடும் பலகை, பழகுகிற புத்தகம், சேதம் எண்ணும் வில்லைகள், சுண்ட ஒரு நாணயம் எல்லாம் ஒன்றாக வரும். பழகத் தொடங்க இதைவிடப் பொருத்தமான பெட்டி எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. காசு மட்டு என்றால் ‘பட்டில் டெக்’ என்று விற்கிற ஒற்றைக் கட்டு இரண்டு போதும். ஒன்று மட்டும் வாங்கினால் பயனில்லை, எதிரே இருப்பவருக்கும் கட்டு வேண்டும்.

பட்டில் அக்கடமியைப் பிரித்ததும் பெரும்பாலானோர் செய்கிற பிழை காட்டைக் கலைத்துவிடுவது. பழகுவதற்கான கட்டுகள் ஒழுங்கு மாறாமல் அடுக்கப்பட்டு வருகின்றன. புத்தகம் “இப்போது இந்தக் காட்டைப் போடு” என்று சொல்லும்போது அந்தக் காட் கையில் இருப்பது அந்த ஒழுங்கால்தான். கலைத்துவிட்டால் காட்டில் அச்சிட்டிருக்கிற சிறு இலக்கத்தைப் பார்த்துத் திரும்ப அடுக்கலாம், ஆனால் அரை மணித்தியாலம் போய்விடும்.

பழகிய பிறகு ஆட்டம் இப்படிப் போகும். கட்டைக் கலைத்து ஏழு காட் எடுங்கள். அதில் அடிப்படைப் போக்கிமொன், அதாவது நேரே மேசையில் இறக்கக்கூடியது, ஒன்றாவது இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்து ஏழு எடுக்க வேண்டும், எதிராளி விரும்பினால் மேலதிகமாக ஒரு காட் எடுத்துக்கொள்ளலாம். அடிப்படைப் போக்கிமொன் ஒன்றை முன்னால் குப்புற வைத்து, ‘வாங்கு’ என்கிற பின்வரிசையில் இன்னும் ஐந்துவரை வைக்கலாம். பிறகு ஆறு காட்டைப் பார்க்காமல் பரிசாக ஒதுக்குங்கள். முதலில் ஆடுபவர் முதல் முறையில் தாக்க முடியாது. பிள்ளைகள் சண்டை பிடிப்பது மூன்று இடத்தில். ஒரு முறைக்கு ஒரு சக்திக் காட் மட்டும்தான் கையிலிருந்து கொளுவலாம், கையில் நாலு இருக்கிறதே என்று நாலையும் போட முடியாது. பலவீனம் என்றால் சேதம் இரட்டிப்பு. முன்னால் நிற்பது விழுந்ததும் வாங்கிலிருந்து இன்னொன்றை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், வாங்கில் ஒன்றும் இல்லாவிட்டால் பரிசு எத்தனை மிச்சமிருந்தாலும் தோல்வி. கட்டு தீர்ந்து தன் முறையில் காட் எடுக்க முடியாதவரும் தோற்றவரே. சேத வில்லை தொலைந்தால் புளியங்கொட்டை போதும், ஒன்றுக்குப் பத்து.

இனி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பளபளப்புக் காட் வளைவதைப் பார்த்து “போலிபோல” என்று சொல்லிவிடாதீர்கள். உண்மைக் காட்டுத்தான் வளையும். காகிதம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, முன்பக்கப் பளபளப்புப் படலம் விரிவதில்லை. அதனால் காட் படப்பக்கமாகக் குழிந்து விளிம்புகள் தூக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள்ளே வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், சில நாளில் பெருமளவு நிமிரும். அயன்பொக்ஸ் வைத்து நிமிர்த்தப் பார்க்க வேண்டாம், படலம் பொங்கும். ஒட்டுகிற தாள் வைத்த பழைய கலியாண அல்பமும் வேண்டாம், ஒரு மழைக்காலம் போனால் காட்டை உரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உறை வாங்கும்போது அளவைக் கேளுங்கள். போக்கிமொன் காட் 63 × 88 மில்லிமீற்றர், அதற்கு 66 × 91 உறை. யூகியோ என்ற வேறொரு ஆட்டத்தின் காட் 59 × 86, அதன் உறைக்குள் இது போகாது. 50 உறைப் பக்கெற் மலிவு என்று எடுத்தால் பத்துக் காட் வெறும் உடம்போடு நிற்கும், கலைக்கும்போது எது எது என்று விரலுக்கே தெரிந்துவிடும். 60உம் ஒரே நிறம், ஒரே பக்கெற்றில் வாங்கியதாக இருக்கட்டும்.

உறை ஒளி ஊடுருவாத முதுகோடு இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. உறவினர் அனுப்பிய உதிரிக் காட்டை வைத்து இரண்டாவது கட்டு அடுக்கும்போது எப்போதும் குறைவது சக்திக் காட்தான். அதற்குப் பதிலாக வீட்டுச் சீட்டுக்கட்டைப் போடலாம். 304க்கு 52இல் 32ஐ எடுத்தால் இரண்டிலிருந்து ஆறுவரை இருபது காட் மிச்சம், ஒரு சாதிக்கு ஐந்து. சாதாரண அகலக் கட்டு என்றால் அளவு ஏறக்குறையச் சமம், உறைக்குள் சரியாக உட்காரும். ஒடுங்கலான கட்டு ஆடும், அது வேண்டாம். ஆடுத்தன் (ஹாட்ஸ்) நெருப்புச் சக்தி, கலாவரை (கிளப்ஸ்) புல், உறுவித்தன் (டயமண்ட்) மின்னல், ஸ்கோப்பன் (ஸ்பேட்) இருள் என்று பேசி வைத்துக்கொண்டால் போதும். ஒன்றுதான், பல வீடுகளில் 304 ஆடும்போது வெற்றி தோல்வி எண்ணுவதும் அந்த மிச்சக் காட்டில்தான். இரவு பெரியவர்கள் பாயை விரிக்க முன்னம் இருபதையும் உறையிலிருந்து கழற்றிக் கட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.