மொறிஸ் மைனருக்கு எந்தப் பிறேக், எந்தச் சொக்?

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் டிஸ்க் பிறேக்கில், அதாவது சில்லோடு சுழலும் தட்டை இருபுறமும் பிடித்து நிறுத்தும் பிறேக்கில், போய் நிற்கும். போட்டவர் போடச் சொல்வார், போடாதவர் தேவையில்லை என்பார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொம்பனி எஞ்சினோடு ஓடும் மைனருக்கு டிஸ்க் அவசரமில்லை. அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அது சாரதியின் காலுக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் வெளிவந்தபோது எஞ்சின் 918 சிசி, வலு 30 குதிரைவலுவுக்கும் குறைவு. அந்த வேகத்துக்கு நான்கு சில்லுக்கும் 7 அங்குல ட்றம், அதாவது சில்லோடு சுழலும் கிண்ணத்தை ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அழுத்தும் பிறேக், போதுமானதாக இருந்தது. 1956 இல் 948 சிசி எஞ்சின் வந்தும் பிறேக் அதே அளவுதான். 1962 இல் 1098 சிசி எஞ்சின் போட்டபோதுதான் முன் ட்றமை 8 அங்குலம் ஆக்கினார்கள். நம் நாட்டில் ஓடும் கார்களில் எஞ்சின் ஒரு வருடத்தது, அச்சு இன்னொரு வருடத்தது என்று கலந்து கிடப்பது வழமை. ஆகவே பதிவுப் புத்தகத்தை நம்பாமல் முன் ட்றமைக் கழற்றி அளந்து பாருங்கள். பெரிய எஞ்சினுக்கு 7 அங்குல ட்றம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், முதலில் அதை மாற்ற வேண்டும்.

8 அங்குலத்துக்கு மாறுவது எல்லா வழிகளிலும் சுலபமானது. பிந்திய மைனரின் ட்றம், பின்தட்டு, சிலிண்டர், ஷூ எல்லாம் ஒரு தொகுதியாகவே வந்து பொருந்தும். சில்லு மாற்றத் தேவையில்லை, மிதியை அழுத்தும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் மாறாது. முன் ட்றம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் இருப்பதால் இரண்டு ஷூக்களும் முன்னோடிகளாக வேலை செய்யும். சில்லின் சுழற்சியே ஷூவை ட்றமோடு மேலும் இறுக்கிவிடும்; அதனால் கால் அழுத்தத்தைப் பெருக்கும் சேர்வோ இல்லாமலே கால் நோகாது. பின்னோக்கி உருளும்போது இந்த உதவி கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் நின்று பின்னே வழுகும் கார் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் தயங்கித்தான் நிற்கும். மைனரின் அடித்தட்டிலேயே கட்டப்பட்ட வூல்ஸ்லி 1500 இன் முன் ட்றம் இன்னும் பெரியது, அதையும் போடலாம். ஆனால் அதற்கான சிலிண்டரையும் ஷூவையும் தேடியே களைத்துவிடுவீர்கள் என்பதால் நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

டிஸ்க் எங்கே வெல்கிறது? வெப்பத்திலும் தண்ணீரிலும். ட்றம் சூடாகும்போது விரிந்து ஷூவை விட்டு விலகும், ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்கின் பிடியும் குறையும். மிதி ஆழமாக இறங்கத் தொடங்கும். நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்குவது 1300 மீற்றருக்கும் அதிகமான இறக்கம். குடும்பத்தையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு பிறேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் ட்றம் மணக்கத் தொடங்கும். இரண்டாம் கியரில் இறங்கத் தெரிந்தவருக்கு அந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. தண்ணீர் விசயத்தில் டிஸ்க்குக்கு மறுபேச்சே இல்லை. மாரி காலத்தில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையால் வந்து பிரதான வீதியில் ஏறும்போது நனைந்த ட்றம் முதல் அழுத்தலில் பிடிக்காது. சில சமயம் ஒரு பக்கம் மட்டும் பிடித்து ஸ்ரியறிங்கை இழுக்கும். டிஸ்க் திறந்திருப்பதால், அதை இருபுறமும் அழுத்தும் பாட் தொட்டவுடனேயே தண்ணீரைத் துடைத்துவிடும்.

சரி, அப்படியென்றால் ஏன் தயங்குகிறேன்? டிஸ்க் தனியாக வருவதில்லை. அதற்குத் தன்னைத்தானே இறுக்கும் குணம் கிடையாது, கால் அழுத்தம் கூடுதலாக வேண்டும். ஆகவே சேர்வோ தேவைப்படும். சேர்வோ வந்தால் குழாய்களில் அமுக்கம் கூடும். உப்புக்காற்றில் உள்ளூரத் துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயும் வயதான றப்பர்க் குழாயும் அதைத் தாங்க வேண்டும். பாட்டை அழுத்தும் கலிப்பரின் பிஸ்டன் பெரிது, பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஒயில் அதற்குப் போதாமல் மிதி தரைவரை போகலாம். இன்னொன்றை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ட்றமுக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள் சிறிதளவு அமுக்கத்தைக் குழாயில் பிடித்துவைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கார் ஓடாது, எரிபொருள் தின்னும், கொஞ்ச நேரத்தில் சில்லில் கை வைக்க முடியாது. மொறிஸ் மரீனாவின் முன் தொகுதி மைனரின் வழித்தோன்றல் என்பதால் அதன் டிஸ்க்கைப் போடுவது நெடுங்கால வழமை. புதிய கிற்றுகளும் கிடைக்கின்றன. எதுவானாலும் உங்கள் 14 அங்குல இரும்புச் சில்லு கலிப்பரில் முட்டுகிறதா என்று காசு கொடுக்க முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கார்ப்பெட்டுக்கு அடியில் இருப்பதற்கு வருவோம். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் பொனற்றுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், செசியின் கைக்குள் புதைந்து கிடக்கிறது. ஒயில் பார்ப்பதற்குக் கார்ப்பெட்டைத் தூக்கித் தட்டைத் திறக்க வேண்டும்; அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களும் மூடியைத் துடைக்காமல் திறந்து மண்ணை உள்ளே விழுத்துகிறார்கள். நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் சுற்றுத்தான். ஒரு சிலிண்டரின் சீல் கிழிந்தால், ஒரு குழாய் வெடித்தால், நான்கும் போய்விடும். மிச்சம் கேபிளில் வேலை செய்யும் ஹாண்ட் பிறேக் மட்டுமே, அதுவும் பின் சில்லுகளுக்கு. பல்லாயிரம் ரூபாய்க்கு டிஸ்க் போட்ட காரும் இந்த ஒற்றைச் சுற்றோடு ஓடினால் இதே ஆபத்தில்தான் ஓடுகிறது.

அதனால்தான் டிஸ்க்கா ட்றமா என்று கேட்பவர்களிடம் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் கிற்றுக்குக் காசை ஒதுக்குங்கள் என்கிறேன். முன் சில்லுகளுக்கு ஒரு சுற்று, பின் சில்லுகளுக்கு ஒரு சுற்று. ஒன்று போனாலும் மற்றது காரை நிறுத்தும். கூடவே குழாய்கள் முழுவதையும் செம்பு நிக்கல் கலப்புக் குழாய்களாக மாற்றிவிடுங்கள், அவை துருப்பிடிப்பதில்லை. டொட் 4 ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றாவிட்டால் சிலிண்டர் உள்ளே அரித்துப்போகும். டொட் 5 எனும் சிலிக்கன் ஒயில் ஈரம் உறிஞ்சாது, மாதக்கணக்கில் கொட்டிலில் நிற்கும் காருக்கு நல்லது. ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது.

அடியில் உள்ள சிலிண்டரைக் கழற்றும்போது ஒரு சிக்கல் வரும். அதன் போல்ற்றுகளை வெளியே இழுக்கவிடாமல் டோர்ஷன் பார், அதாவது முன் சஸ்பென்சனின் முறுக்குக் கம்பி, குறுக்கே நிற்கும். அதன் முறுக்கை விடுவித்தால்தான் வழி கிடைக்கும். முறுக்கில் சேர்ந்திருக்கும் விசை ஆளை முறிக்கக்கூடியது. சஸ்பென்சனின் கீழ்க் கைக்கு ஜாக் கொடுக்காமல் யாரும் அதில் கை வைக்கக்கூடாது. இவ்வளவு பாடுபட்டு அதை விடுவித்த பிறகு முன் சஸ்பென்சனையும் அதே மூச்சில் பார்த்துவிடுவதுதான் புத்தி.

முன் சஸ்பென்சனில் முதலாவது ட்றணியன். சில்லைத் தாங்கும் கிங்பின் மேலும் கீழும் புரி வெட்டிய ட்றணியனில் திருகி நிற்கிறது. கிறீஸ் காணாமல் கீழ்ப் புரி தேய்ந்தால் ஒருநாள் கழன்று, சில்லு மடிந்து, காரின் மூலை நிலத்தில் இருக்கும். எந்த விலையான சொக் அப்சோபரும் இதைத் தடுக்காது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் துப்பாக்கி, ஆடுகிறது என்றால் புதிய ட்றணியன்.

கை போன்ற லீவர் அசையும் பழைய லீவர் ஆம் சொக்கா, குழாய்க்குள் குழாய் நகரும் ரெலஸ்கோப்பிக் சொக்கா என்பது அடுத்த வாதம். இதில் முன்னையும் பின்னையும் வேறுவேறாகப் பார்க்கிறேன். முன்னால் லீவர் ஆம் என்பது வெறும் சொக் அல்ல, சஸ்பென்சனின் மேல் கையே அதுதான். ரெலஸ்கோப்பிக் கிற் போட்டாலும் பல கிற்றுகளில் பழைய லீவர் ஆம் கையாக அப்படியே இருக்கும். அதன் அச்சு தேய்ந்திருந்தால் அந்த ஆட்டமும் அப்படியே இருக்கும். புதிய சொக்கின் மேல் முனை தள்ளும் இடம் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல, துருப்பிடித்த தகடு என்றால் வெடிக்கும். முன்னுக்கு ஒழுங்காகப் புதுப்பித்த லீவர் ஆம் போதும். பின்னால் கதை வேறு. லீவ் ஸ்பிறிங்கோடு நிற்கும் பின் அச்சு, குழி நிறைந்த வீதியில் துள்ளத் தொடங்கினால் சிறிய லீவர் சொக் சீக்கிரம் சூடாகித் தளர்ந்துவிடும். அங்கே ரெலஸ்கோப்பிக் போட்டால் வித்தியாசத்தை அன்றைக்கே உணர்வீர்கள். அதற்கு முன் ஸ்பிறிங்கில் உடைந்த தட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

சஸ்பென்சன் மூட்டுகளில் றப்பருக்குப் பதிலாகப் போடும் பொலியூரதேன் புஷ் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் இருக்கையில் அதிர்வு ஏறும். நான் றப்பர்ப் பக்கம். காரைப் பதிப்பது, அதாவது உயரத்தைக் குறைப்பது, பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். நம் ஒழுங்கைகளில் பதித்த மைனர் ஒவ்வொரு குழியிலும் பம்ப் றப்பரில் இடிக்கும்.

டயரை விட்டுவிடாதீர்கள். எந்தப் பிறேக்கும் டயர் பிடிக்கும் அளவுக்குத்தான் நிறுத்தும். பழைய குறுக்கிழை டயரில் இருந்து 155/80 அளவு றேடியலுக்கு மாறினாலே அதே ட்றம் வேறு பிறேக் மாதிரி வேலை செய்யும்.

டிஸ்க் யாருக்கு வேண்டும்? பெரிய எஞ்சின் போட்டவருக்கு, மலையகத்தில் வசித்துத் தினமும் இறங்கி ஏறுபவருக்கு, வெள்ள ஒழுங்கையில் இருந்து வேலைக்குப் போகிறவருக்கு. அவர்களும் இரட்டைச் சுற்றுக்குப் பிறகே போடட்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்தைச் சுமந்த பழைய கார்களில் மைனரும் ஒன்று; கழற்றும் பாகங்களை இரும்புக் கடைக்குக் கொடுக்காமல் எண்ணெய் பூசிச் சுற்றி வையுங்கள். காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பும் அடுத்த உரிமையாளர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.