வால்பேப்பர் உரித்த சுவர்: கீழக்கரை வீட்டில் சில மழைக்காலங்களுக்குப் பிறகு

உம்மா எனக்குக் கொடுத்த வீட்டில் முன்னறை பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர். பின்னால் நீட்டிக் கட்டிய அறை செங்கல், சிமென்ட் பூச்சு. கல்யாணத்துக்காக இரண்டு அறையிலும் வினைல் வால்பேப்பர் ஒட்டியிருந்தார்கள். அதை உரித்து, சுவரைச் சரிபண்ணிப் பெயிண்ட் அடித்துச் சில மழைக்காலங்கள் பார்த்தாகிவிட்டது. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை உப்புக்காற்று படும் ஊர்களில் இதே வேலையை யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வால்பேப்பர் ஆரம்பத்தில் அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரவர இணைப்புகள் தூக்கின, அடிப்பக்கம் உப்பியது, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வாடை. வினைல் என்பது பிளாஸ்டிக் தோல். சுவருக்குள் ஏறுகிற ஓதம், அதாவது ஈரக்கசிவு, வெளியே வர வழியில்லாமல் அதற்குப் பின்னாலேயே தங்கிவிடும். கடலோர வீட்டுக்கு இது ஆகாது, ஏசி அறையாக இருந்தாலும் நான் சொல்லமாட்டேன்.

உரிப்பது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. முதலில் அந்த அறைக்கான மெயினை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஸ்விட்ச் போர்டைச் சுற்றித் தண்ணீர் படும். மூலையில் கத்தி நுனியால் தூக்கி இழுத்தால் மேல்தோல் மட்டும் பாளமாக வந்துவிடும், அடித்தாள் சுவரிலேயே நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, பெயிண்ட் ரோலரால் அந்தத் தாளை நனைத்துவிட்டுக் கால்மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவு) பூசும் தகட்டைப் படுக்கவைத்துத் தள்ளினால் போதும். தகட்டை நிமிர்த்திப் பிடித்தால் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும், சுண்ணாம்புச் சுவரில் இன்னும் கவனம் வேண்டும். பசையைத் துணியால் துடைத்தெடுப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரக்கையால் தடவிப் பார்த்து வழுவழுப்பு தட்டினால் பசை இன்னும் இருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் வெடித்துச் செதில் விடும்.

பின்னறையில் கடைசித் தாளை எடுத்தபோது, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரில் வெள்ளை வெள்ளையாக, பஞ்சு போல மென்மையான இழைகள். விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. அடியில் இருந்த பூச்சு மணலாகிவிட்டிருந்தது, நகத்தால் கீறினாலே பள்ளம் விழுந்தது. தட்டிப் பார்த்த இடமெல்லாம் பொத்தல் சத்தம்.

இதன் காரணம் புரிந்தால்தான் மீதி வேலை சரியாக வரும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். நம் ஊரில் ராத்திரி ஈரம், பகலில் வெயில், தினம் தினம் இதே கதை. படிகம் பெருகும்போது பூச்சை உள்ளிருந்து உடைக்கிறது. உப்பு மண்ணிலிருந்து ஏறலாம், கடல் மணலிலிருந்தோ உவர்த் தண்ணீரிலிருந்தோ வரலாம். இரும்புக் கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும். அதனால் பூச்சு, பட்டி, சுண்ணாம்பு எதைக் கலக்கவும் குடிதண்ணீர்தான் எடுத்தேன்.

பெயிண்டர் அன்றைக்கே பட்டி பார்த்துவிடலாம் என்றார். பரமக்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப பட்டி பார்த்தா சுவர் அதையும் சேத்துத் தள்ளிரும்மா. பங்குனி வெயில் உள்ள வரட்டும்" என்றார். "எவ்வளவு நாள்ணே ஆகும்?" என்று கேட்டேன். "சுவர் சொல்லும்மா" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த ஆலோசனை அதுதான். பொத்தலாக இருந்த பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தே வைத்தோம். மேலே பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரிக் கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டோம். சுவர்ப்பக்கம் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அது துளிர்க்காமல் நின்ற பிறகுதான் கொத்தனார் சாந்து கலந்தார்.

முன்னறைக்குச் சிமென்ட் வேண்டாம் என்று அவரே சொன்னார். சிமென்ட் இறுக்கமானது, காரைச் சுவரின் ஓதத்தை அடைத்து மேலே ஏற்றிவிடும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்புச் சாந்து கலந்து ஒட்டுப் போட்டார். அதன்மேல் பட்டியில்லை, பிரைமர் இல்லை, வெறும் வெள்ளைதான். இன்றுவரை அந்த அறையில் ஒரு செதில் கிடையாது. நோன்பு வருவதற்கு முன்னால் மறுபடி வெள்ளையடித்தால் போதும்.

பின்னறையில் புதுப் பூச்சு நன்றாகக் காய்ந்ததும் பிரைமர், வெள்ளை சிமென்ட் பட்டி மெல்லிசாக இரண்டு கை, உப்புத்தாள், மறுபடி பிரைமர், எமல்ஷன். ஒரு சுவரில் மட்டும் பெயிண்டர் சொன்ன ஈரத்தடுப்புப் பூச்சை அடித்துப் பார்த்தோம். மேல்பாதி நல்லா இருக்கிறது. அடியில் அடுத்த மழைக்கே கொப்புளம் கிளம்பியது. அடித்தளத்தில் ஓதத் தடுப்பு இல்லாத சுவருக்கு, உள்பக்கம் எதை அடித்தாலும் உப்பு பின்னாலிருந்து தள்ளும். அந்தக் காசுக்கு வெளிச்சுவரின் வெடிப்பை அடைத்து, கூரைத் தண்ணீர் சுவரடியில் நிற்காமல் சரிவு போடுங்கள். நாங்கள் அதைச் செய்த பிறகுதான் உப்பு பூப்பது பாதிக்கு மேல் குறைந்தது.

சுரண்டும்போது முகக்கவசம் கட்டாயம். வால்பேப்பருக்கு அடியில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம், நனைத்துத் தேயுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது.

நேரம் பார்த்தால் மாசியில் உரித்துச் சித்திரைக்குள் முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு கச்சான் காற்று புழுதியைக் கிளப்பி ஈரப் பெயிண்டில் ஒட்டவைத்துவிடும். பின்னறையில் குளியலறையை ஒட்டிய மூலையில் கார்த்திகை வந்தால் இன்னும் கொஞ்சம் வெள்ளை பூக்கிறது. பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததிலிருந்து பூஞ்சை வாடை திரும்ப வரவில்லை.